விதைநெல்லுக்கு ஒரு பிரிவு

ஒரத்தநாட்டில் வீட்டில் இருந்தபடியே ஓர் இணைய வணிக நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன். எந்தப் பொருள் எந்தப் பிரிவில் வர வேண்டும் என்று அவர்கள் வகுத்திருந்த முறை சரிதானா என்று சோதிப்பது என் பொறுப்பு. ஒரு பொருளுக்கு அதில் இடமே இல்லையென்றால், விற்பவர் கிடைத்த பிரிவில் அதைத் திணித்துவிடுவார். அதைத்தான் பெரிய குறையாக எழுதுவேன்.

விதைநெல்லுக்கு இடமில்லை. விதைகள் பிரிவில் பூவும் காய்கறியும் மட்டும்தான். நெல் என்று போட்டால் உணவு தானியங்களில் கொண்டுபோய் விடும். பூச்சி, பூஞ்சை வராமலிருக்கச் சிவப்பு மருந்து கலந்த விதைநெல்லை அதே தளத்தில் விற்கும் என் கணவரும் வேறு வழியில்லாமல் அங்கேதான் போட்டிருந்தார். பலமுறை எழுதினேன். "அடுத்த திருத்தத்துல பாக்கலாம் மேடம்" என்றார் மேலாளர்.

கார்த்திகை தீபத்துக்கு முதல்நாள் காலை, கணவரின் விற்பனைப் பக்கத்தில் திருச்சிப் பெண் ஒருவரின் கேள்வி கிடந்தது. முந்தின நாளே அனுப்பியிருந்தார்.

"நெல் வந்துடுச்சு. பொரி பொரிக்க ஊற வைக்கணுமா?"

'மருந்து கலந்தது, சாப்பிடாதீங்க' என்று பதறிப் பதில் போட்டேன். அவர் பார்க்கவில்லை. உதவி மையத்தில் கெஞ்சியும் போன் எண் தர மறுத்துவிட்டார்கள். பார்சல் முகவரி கணவரிடம் இருந்தது. பைக்கில் கிளம்பினோம்.

"பையில எச்சரிக்கை இருக்கே, பாத்திருப்பாங்க" என்றார் வழியில்.

"பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருக்குங்க. யாரு படிப்பா?"

வீடு பூட்டியிருந்தது. "கொழந்தைக்கு ஓயாம வாந்தி, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

எந்த ஆஸ்பத்திரி என்று அவரிடம் கேட்டுக்கொண்டோம். அங்கே ஓடினோம். மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொன்னோம். "இதுதான் தெரியாம இருந்துச்சு" என்று உள்ளே விரைந்தார். சாயங்காலம் வாந்தி நின்றது. குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டது.

அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை. "செவப்பா இருந்துச்சு, செவப்பு நெல்லுன்னு நெனச்சேன். அரிசி, பருப்பு விக்கிற எடத்துலதானே இதுவும் இருந்துச்சு?" என்றார்.

கணவர் அன்றே விற்பனையை நிறுத்தினார். நடந்ததை மேலாளருக்கு எழுதினேன். அடுத்த திருத்தத்தில் பார்ப்பதாக அதே பதில். அந்தப் பிரிவைத் திறந்தேன். வேறு பலர் விற்கும் விதைநெல் அரிசிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் 'இதைச் சாப்பிடாதீங்க' என்று எழுதிக்கொண்டே போனேன். விளம்பரத்துக்கு இடையூறு என்று நிறுவனம் அவற்றை அழித்துக்கொண்டே வந்தது.