ஆயர் ஈத்தாமில் நான் தின்ற ஆப்பிள்கள்

வியாழன் காலை ஜார்ஜ் டவுனில் பேருந்து ஏறினேன். ஆயர் ஈத்தாம் சுமார் ஆறு கிலோமீட்டர். கட்டணம் ஒரு வெள்ளி நாற்பது காசு. இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட். திருச்சிக்காரனான எனக்கு அது விளங்குவதற்குள் ஓட்டுநர் இரண்டு பெருமூச்சு விட்டுவிட்டார்.

என்னைத் தங்கவைத்தவர் செல்வி அக்கா, என் மனைவியின் பெரியப்பா மகள். சந்தையில் பழக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறன்று ஒரு நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு வாழைப்பழம் அவர் பொறுப்பு. சரியாக அமைந்தால் கல்யாணத்துக்குப் பழம் கொடுக்கும் வேலையும் அவருக்கே. வந்திருந்த தார்களோ கிளிப்பச்சை.

"கல்லு போடுங்கலா அக்கா, நாளைக்கே மஞ்சளா நிக்கும்," என்றார் பக்கத்துக் கடை குமார். கல் என்றால் கார்பைடு.

"சின்னப் பிள்ளைங்க சாப்பிடுறது குமாரு. வேணாம்லா."

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அக்கா சீப்புகளை இரண்டு சாக்குகளில் அடுக்கி, நன்றாகக் கனிந்த ஆப்பிள்களை நடுவே வைத்து, வாயைக் கட்டி, என் அறையில் போட்டுவிட்டார். கனிந்த பழம் விடும் வாயுவில் காயும் பழுக்குமாம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசனை மட்டும். விருந்தாளிக்கு வைத்ததை ஏன் இப்படி ஒளிக்கிறார்கள் என்று நினைத்தபடி, வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஆப்பிள்களைத் தின்று முடித்தேன். முடிச்சை மட்டும் அழகாகத் திரும்பக் கட்டினேன்.

சனி காலை அக்கா சாக்கைத் திறந்தார். பச்சை.

"ஆப்பிள் எங்க தம்பி?"

"சாப்பிட்டேன் அக்கா."

"எத்தன?"

"எல்லாம்."

சாக்குத் தூக்க வந்திருந்த குமார் சிரித்துவிட்டு, "கல்லு இன்னும் இருக்கு அக்கா," என்றார். அக்கா கையை ஆட்டி மறுத்தார். பிறகு என்னைச் சந்தைக்கு விரட்டினார். இருப்பதிலேயே கனிந்த ஆப்பிளும் பப்பாளியும் வாங்கிவந்தேன். அவற்றை அவரே உள்ளே வைத்துக் கட்டினார். அன்றிரவு எனக்குக் கூடத்தில் படுக்கை.

ஞாயிறு காலை பாதிதான் தேறியது. சில சீப்பு மஞ்சள், சில சீப்பில் பச்சைக் கீற்று. நிச்சயதார்த்த வீட்டில் தட்டுகளைப் பார்த்த பெண்ணின் அம்மா புருவத்தைத் தூக்கினார். அக்கா என்னை முன்னால் தள்ளி, "இவர்கிட்ட கேளுங்க," என்றார். சொன்னேன். கூடமே சிரித்தது.

அந்த அம்மா ஒரு பழத்தை உரித்துத் தின்று பார்த்தார். "நல்லா இருக்கு. கல்லு போட்டிருந்தா எல்லாம் ஒரே மஞ்சளாத்தானே இருக்கும்?"

திருச்சியில் அந்த ஒரே மஞ்சளைத்தான் நான் தேடித் தேடி வாங்குவேன். அதைச் சொல்லவில்லை, ஏற்கெனவே போதுமான அளவு சிரித்திருந்தார்கள்.

"கல்யாணத்துக்கும் நீங்களே கொடுங்க செல்வி. ஆனா இந்த அண்ணன் ஊருக்குப் போனப்புறம் பழுக்க வைங்கலா."

மறுநாள் எனக்கு விமானம். எத்தனை மணிக்கு என்று அக்கா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.