பெயர் கேளாத காது

ஊர்காவற்துறை நீதிமன்றத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் பெட்டிசம் என்னும் மனுக்களைத் தட்டச்சில் தட்டிக் கொடுத்த அந்த மெலிந்த மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வந்தவர் யாருடைய பெயரையாவது சொல்லத் தொடங்கினால், உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைப்பார். "கண்ணாடி இல்லாட்டி எனக்குக் காதும் கேளாது" என்பார்.

அனலைதீவுக்குச் சனம் ஏற்றிய மோட்டார் வள்ளத்தின் அடிப்பலகை உக்கி உளுத்துவிட்டது என்று எழுதுவிக்க அவரிடம் போனேன். அவசரத்தில், அதை எனக்குச் சொன்ன அந்த வள்ளத்து இஞ்சின்காரனின் பெயரும் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் நிமிராமல் 'ஐ வாஸ் இன்ஃபோர்ம்ட்' என்று தட்டினார்.

"எனக்கு அறிவிக்கப்பட்டது. இவ்வளவும் போதும். ஆர் அறிவிச்சது எண்டு இங்கிலீசிலை சொல்லத் தேவையில்லை."

தாளை உருவும்போதே வள்ள முதலாளி உள்ளே வந்தார். வாசலில் அவருடைய குடையைப் பிடித்தபடி நின்றவன் அதே இஞ்சின்காரன். விஷயம் தெரிந்தால் அவனுக்குக் கை கால் மிஞ்சாது.

முதலாளி தாளைப் பறித்து வாசித்தார். என்னை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்த்தார்.

"ஆர் ஐயா இவருக்குச் சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாது."

"சத்தியமோ?"

"ஓம், சத்தியம்."

முதலாளி தாளை எறிந்துவிட்டுப் போனார். எழுதியவர் அதை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார்.

நான் அந்தப் பெயரைச் சொன்னபோது, கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது.