கொக்குகள் எழும்பிய படம்

கல்யாணப் படம் பிடிப்பது என் தொழில். இத்தனை வருஷம் வெயிலில் நின்றதில் தலைமுடிதான் போனது. அறிவு வந்து சேரவில்லை. கண்டி வாவிக்கரை மரங்களில் கொக்குகள் கூடு கட்டிவிட்டால், அடியில் போகிறவர்கள் மழை இல்லாமலே குடை பிடிப்பார்கள். என் வழுக்கையில் மட்டும் அவற்றின் குறி தவறியதே இல்லை.

அன்றைய ஜோடி புசல்லாவையிலிருந்து வந்திருந்தது.

"அண்ணே, பின்னால கொக்கெல்லாம் பறக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க," என்றார் மாப்பிள்ளை.

"அதுங்க நம்ம ஆளுங்கதான் தம்பி. சொன்னா கேக்கும்."

கேட்கவில்லை. கைதட்டினேன், விசிலடித்தேன். பஸ் ஹோர்னுக்கே அசையாத ஜென்மங்கள், எனக்கா அசையும்? தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்த கிளையில் ஒரு கூடு. உச்சி வெயிலில் தாய்க் கொக்கு சிறகைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றது.

"மூணு குஞ்சு இருக்கு, பாருங்களேன்," என்றாள் மணப்பெண்.

பார்த்தேன். பார்த்துவிட்டும் செய்தேன். முகத்தில் வெளிச்சம் விழுத்த ஒரு வெள்ளித் துணி வளையம் வைத்திருப்போம். மடக்கிய பிடியை விட்டால் படாரென்று விரியும். கமராவை ஸ்டாண்டில் வைத்து, அதுவாகவே தொடர்ந்து எடுக்கும்படி விட்டேன். கூட்டுக்கு நேர் கீழே போய், வளையத்தைத் தலைக்கு மேல் விரித்தேன்.

மரம் முழுக்க வெள்ளையாக எழும்பியது.

"சூப்பர் அண்ணே!"

நான் குனிந்து வணக்கம் வேறு போட்டேன். நிமிர்வதற்குள் மின்கம்பியில் இருந்த காகம் கூட்டில் இறங்கியிருந்தது.

ஒரு குஞ்சைக் கொத்தித் தூக்கியது. இன்னொன்று பயத்தில் விழுங்கிய மீனைக் கக்கி, பின்னால் நகர்ந்து, தண்ணீரில் விழுந்தது. மேலும் இரண்டு காகங்கள் வந்தன. நான் கத்தினேன், வளையத்தை வீசினேன், கடைசியில் செருப்பையும் எறிந்தேன். தாய்க் கொக்கு தலைக்கு மேல் வட்டமடித்தது, கிட்ட வந்தது, திரும்பப் போனது. ஏன் இறங்க மாட்டேன் என்கிறது இந்த மூதேவி என்று அதையே திட்டினேன்.

"அண்ணே, கத்தாதீங்க. நம்மளப் பாத்துத்தான் அது வர மாட்டேங்குது. இங்கால வாங்க!"

மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே ரோட்டைக் கடந்திருந்தாள். ஒற்றைச் செருப்போடு நானும் கடந்தேன். நாங்கள் விலகியதும் கொக்கு வந்து இறங்கியது. கூட்டுக்குள் அலகை விட்டுப் பார்த்தது. பிறகு வெயிலுக்குச் சிறகைப் பாதி விரித்து நின்றது. சிறகுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இருவர் சிரிக்கிறார்கள், வானம் நிறையக் கொக்கு, ஓரத்தில் கூடு, அதில் வாயைத் திறந்தபடி மூன்று தலை. அதற்கு மேலே காகம்.

"காக்காவ மட்டும் படத்திலேருந்து எடுத்துட்டுப் பெருசா போட்டுக் குடுங்க," என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். எடுத்துவிட்டேன். பத்து நிமிஷ வேலை.

சட்டம் போட்டுப் புசல்லாவைக்கு நானே கொண்டுபோனேன். மாப்பிள்ளை ஆணி தேடி உள்ளே போனார். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கூட்டுக்கு மேலே, வெறும் வானத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதானே இருந்திச்சு?"

"எது தங்கச்சி?" என்றேன்.