வேம்பு உடைத்த சிலாப்

அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிப் போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய் வேண்டும். தார்ப்பாய் கிழிந்தால் தைத்துக் கொடுக்க வேம்பு என்ற பெண்மணி வேண்டும். கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு கூலி வீட்டில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கினார்கள். வேம்பு ஒரு லாரி ஷெட்டில் கோணி ஊசி பிடிக்கப் பழகினார். கணவர் இறந்த பிறகு எங்கள் தெருக்கோடியில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டார். பொம்பளை தைத்த தார்ப்பாய்க்கு ராசியில்லை என்று சில டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். அடைமழையிலும் நனையாமல் போய்ச் சேர்ந்த சிமெண்ட் மூட்டைகள் அவர்களுக்குப் பதில் சொல்லின.

மழைக்காலம்தான் வேம்புக்கு அறுவடை. லாரிகள் சாலையிலிருந்து ஏறிக் கொட்டகைக்குள் வருவதற்காக, முன்னால் ஓடும் சாக்கடையின் மேல் கனமான கான்கிரீட் சிலாப் போட்டிருந்தார். வாசலுக்கு ஒரு சிலாப் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். சாக்கடையை மூடிவிட்டால் அது இல்லை என்று ஆகிவிடும் போலும்.

ஆயுத பூஜை முடிந்தால் மழை வரும். இது ஜோசியம் அல்ல, வடகிழக்குப் பருவக்காற்று. ஆனால் பூஜையன்று லாரிக்கு லாரி வாழைக்கன்று கட்டி, பட்டறைக்குப் பட்டறை பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைத்து, மறுநாள் எல்லாவற்றையும் சாக்கடையில் தள்ளுகிறோம். கண் திருஷ்டி போகிறதாம். போவது திருஷ்டி அல்ல, தண்ணீர் போகும் வழி.

அந்த ஆண்டு புயல் சின்னம் கரையைக் கடந்த காலையில் மழை விடவே இல்லை. தண்ணீர் தெருவிலேயே நின்று, பள்ளத்தில் இருந்த அனிதா மேரி டீச்சரின் வீட்டுக்குள் புகுந்தது. ஏலாக்குறிச்சியிலிருந்து வந்து குடியேறியவர். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார்.

"வேம்பக்கா, அடுப்படி வரைக்கும் வந்துருச்சுக்கா!"

அடைப்பு வேம்புவின் சிலாப்புக்கு அடியில்தான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாக்கடை காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நின்றது. அடைப்பை உறிஞ்சி எடுக்கும் வண்டி வேறொரு பகுதியில் வேலையில் இருந்தது. வந்திருந்தவர் துப்புரவுத் தொழிலாளி அங்கமுத்து ஒருவர்தான். கையில் நீளக் கொக்கி. அது அடைப்பை எட்டவில்லை.

அப்போதுதான் எங்கள் தெரு தன் புத்தியைக் காட்டியது. இரும்புக்கடை செல்லதுரை அங்கமுத்துவின் தோளில் கை போட்டார். வேறு எந்த நாளிலும் அவர் அந்தத் தோளைத் தொட்டதில்லை.

"காலி பக்கமா உள்ள தவழ்ந்து போயி ஒரு இழு இழுத்தீன்னா போதும். ஒரு குவார்ட்டருக்கு நான் பொறுப்பு. என்ன சொல்ற?"

சுற்றி நின்ற படித்தவர்கள் தலையாட்டினார்கள். முட்டி நிற்கும் தண்ணீர் மொத்தமும் உள்ளே இருப்பவன் முகத்தில்தான் பாயும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது என்று சட்டம் இருப்பதும் தெரியும். அங்கமுத்து சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

"சட்டையப் போடுங்கண்ணே," என்றார் வேம்பு.

"பழக்கந்தான் தங்கச்சி."

"யாருக்குப் பழக்கம்? எறக்கி விட்டு வேடிக்கை பாக்கறது இவங்களுக்குப் பழக்கம்." செல்லதுரை பக்கம் திரும்பினார். "மொதலாளி, அம்புட்டு லேசுன்னா நீங்க போங்களேன். குவார்ட்டர நான் வாங்கித் தரேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். செல்லதுரைக்குச் சுருக்கென்றது. "வாய் பேசு. அடைச்சுக் கெடக்கறது ஒன் சிலாப்புக்கு அடியில. தெரு முழுகறது ஒன்னாலதான், தெரிஞ்சுக்க."

வேம்பு குனிந்து சிலாப்பைப் பார்த்தார். உள்ளே பழுது பார்க்கக் காத்திருந்த லாரியைப் பார்த்தார். சிலாப் போனால் லாரி ஏற முடியாது; கொட்டகைக்கு வேலை வராது, அதுவும் மழைக்காலத்தில். டீச்சர் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி நின்றார். அங்கமுத்து பாதி கழற்றிய சட்டையோடு நின்றார்.

"சரிதான். என் சிலாப்தான்," என்றார் வேம்பு. "கடையில சம்மட்டி இருக்கா?"

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

உள்ளே நின்ற லாரியை வெளியேற்றச் சொன்னார். பிறகு முதல் அடியை அவரே போட்டார். கான்கிரீட் ஏளனமாகச் சத்தம் கொடுத்தது, உடையவில்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டார். கை மாறிக் கை மாறி, கடைசியில் சம்மட்டி செல்லதுரையிடமே வந்தது. "என் கடைச் சம்மட்டி, புடி தெறிச்சிடும்யா" என்று திட்டிக்கொண்டே அவரும் அடித்தார். சிலாப் விரிந்தது. அங்கமுத்து கரையில் நின்று கொக்கியை உள்ளே விட்டார். நாங்கள் பின்னால் நின்று இழுத்தோம்.

வாழைத்தண்டு வந்தது. குங்குமம் கரைந்த பூசணிச் சில்லுகள் வந்தன. செல்லதுரை கடைப் பெயர் அச்சிட்ட பைகள் வந்தன. கடைசியில் சுருட்டிய பாயைப் போல ஒரு பெரிய கட்டு: தார்ப்பாய்த் துண்டுகள்.

"அட, என் குப்பையும் இருக்குதே!" என்று வேம்பு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. அங்கமுத்து தவழ்ந்திருக்க வேண்டிய இடத்தில் உடைந்த கான்கிரீட் துண்டு ஒன்று உருண்டு போனது. அங்கமுத்து அதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். டீச்சர் வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

லாரிகள் அந்த மழைக்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் ஏறவில்லை; வேம்பு சாலையோரத்தில் உட்கார்ந்து தைத்தார். பக்கத்திலேயே விசாலமான முற்றத்தோடு கடை வைத்திருந்த செல்லதுரை சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குள்ளிருந்தே கத்தினார்: "ரோட்டுல குந்தித் தைச்சு லாரியில அடிபட்டுச் சாவாத. இங்க வந்து விரிச்சுக்க. வாடகையெல்லாம் பேசாத, எனக்குக் கோவம் வரும்."

மழை ஓய்ந்ததும் வேம்பு, உடைந்த சிலாப் இருந்த இடத்தில் தூக்கி எடுக்கக்கூடிய கனத்த இரும்புக் கம்பிச் சட்டங்களைப் போட்டார். ஒவ்வொரு வாசலாக மற்றவர்களும் மாற்றினார்கள். இப்போது அவரவர் வாசலை அவரவர் திறந்து குப்பையை அள்ளுகிறோம். அங்கமுத்து வண்டியோடு வந்து ஏற்றிப் போகிறார். இது தர்மம் அல்ல, எங்கள் கடமை. அதை எங்களுக்கு நினைவூட்ட ஒரு பெண் தன் பிழைப்பின் மேல் சம்மட்டி போட வேண்டியிருந்தது. மழை நின்றால் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். என் நன்றிக்கு விலாசம் உண்டு: தெருக்கோடி, தகரக் கொட்டகை.

அடுத்த ஆயுத பூஜைக்குச் செல்லதுரை ஒரு முழுப் பூசணிக்காயைப் பையில் மறைத்துக் கொட்டகைக்கு எடுத்து வந்தார்.

"வாங்கிட்டேன். ஒடைக்கவும் மனசு வரல, ஒடைக்காம இருக்கவும் பயமாருக்கு. நீயே என்னமோ பண்ணு."

"ஒடைச்சிடுவோம் மொதலாளி," என்ற வேம்பு அரிவாள்மனையை இழுத்துப் போட்டார்.

மதியம் கொட்டகையில் பூசணிக்காய்க் கூட்டு. குப்பை வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்த அங்கமுத்து, செல்லதுரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.