கித்தானின் மறுமுனை

காற்று நின்ற காலைகளில் தில்முராத் முதலில் பார்ப்பது வாசற்படியை. படி தெரிந்தால் வேலை ஒரு மணி நேரம். தெரியாவிட்டால் மதியம் வரை.

அவருடைய வீட்டுக்கு மேற்கே மலங்கின் வீடு. மலங்கின் வீட்டுக்கு மேற்கே மணல். அந்த மணலுக்குள் நான்கு வரிசை வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. பள்ளிக்கூடத்துக் கூரைமேல் இப்போது ஆடுகள் போகின்றன. ஏறிப் போவதில்லை, நடந்தே போகின்றன. தள்ளிப் போய்க் குடியிருக்க ஊரில் இடமும் இல்லை. வடக்கே புல் முளைக்காத மலை, தெற்கே கடல், கிழக்கே அந்த மலையே திரும்பி வந்து கடலில் இறங்கிவிடுகிறது. போனவர்கள் கராச்சிக்கோ மஸ்கட்டுக்கோ போனார்கள்.

இரண்டு வீட்டு மணலையும் தில்முராத்தும் மலங்கும் சேர்ந்துதான் அள்ளினார்கள். கூடையில் அள்ளி மாளாது. விற்றுப்போன படகிலிருந்து மிஞ்சிய பாய்க் கித்தானில் ஒரு துண்டை வெட்டி, அதில் மணலைக் குவித்து, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கடலோரம் கொட்டினார்கள். மலங்குக்குப் பேச்சு அதிகம். தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் பேசுவான். தில்முராத் கேட்டுக்கொண்டு நடப்பார்.

பத்தொன்பது வயதில் அப்பாவின் படகுக்கு நாகுதா ஆனவர் தில்முராத். படகில் நாகுதா சொல்வதுதான் சொல். சுறா கிடைத்த காலத்தில் ஊரிலேயே அதிகம் பிடித்த படகு அவருடையது. ஒரு புயலில் ஐந்து பேரையும் குறையாமல் கரைசேர்த்தார். அந்த ஐந்தில் கடைசி ஆள் அவருடைய மனைவியின் தம்பி பீர்தாத், அப்போது பதினான்கு வயது. அழுதுகொண்டிருந்தவனைக் கன்னத்தில் ஒன்று வைத்து, கையில் தகர டப்பாவைக் கொடுத்துத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். விடியும்வரை இறைத்தான். பிறகு பெரிய வலை போட்ட வெளியூர்க் கப்பல்கள் வந்தன. சுறா போயிற்று, அடுத்து மற்றதும் போயிற்று. படகை விற்றபோது தில்முராத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரே மகள் கராச்சியில் இரண்டு அறையில் எட்டுப் பேரோடு இருந்தாள். அங்கே போய் இருக்க முடியாது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருடைய மனைவி ஜன்பீபிக்கு நெஞ்சில் இருமல். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். காலையில் துணி மண்ணிறமாக இருக்கும்.

மழை பார்த்து ஒன்றரை வருடம் ஆன ஒரு மாதத்தில் மஸ்கட்டிலிருந்து பீர்தாத் போன் செய்தான். துர்பத்தில் ஒரு கல்யாணம், போகிற வழியில் வெள்ளிக்கிழமை வந்து ஒரு ராத்திரி தங்குகிறேன் என்றான். பிறகு அக்காவிடம் மட்டும் இன்னொன்று சொன்னான். அவன் வேலை பார்க்கும் அரபிக்கு ஒரு பேரீச்சந்தோட்டம் இருக்கிறது. காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். தங்க வீடு உண்டு, மனைவியையும் கூட்டி வரலாம். தண்ணீர் குழாயில் வருகிறது.

"நானா எப்படிக்கா நாகுதாகிட்ட போய், தோட்டக் காவலுக்கு வர்றீங்களான்னு கேக்கறது? நாக்கு வராது. வந்தவங்ககிட்ட ஹவால் சொல்வாங்கல்ல, அப்ப அவரே ஒரு வார்த்தை கஷ்டம்னு சொல்லட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஜன்பீபி அதை அப்படியே கணவரிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு வார்த்தை. மண்ணு மேல வந்துருச்சு, எங்களால முடியலன்னு. அதுக்கு மேல உங்கள யாரு பேசச் சொன்னா?"

"சரி" என்றார் தில்முராத்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

அவள் மறுநாளே தன் மூன்று கோழிகளையும் தெருக்கோடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டியைக் காயவைத்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பீர்தாத் வாடகைப் பிக்கப்பில் வந்து இறங்கினான். கொஞ்சம் தொப்பை, நல்ல செருப்பு. குனிந்து தில்முராத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம். பால் இல்லாத தேநீரும் பேரீச்சம்பழமும் வந்தன.

வந்தவனிடம் ஹவால், அதாவது நடந்த சேதி, கேட்காமல் வேறு பேச்சு கிடையாது. இருப்பவர்களில் மூத்தவர் கேட்பார். வந்தவன் முதலில் எல்லாம் நலம் என்பான், வீடு எரிந்திருந்தாலும் அப்படித்தான். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வான். குறுக்கே பேசமாட்டார்கள். அவன் முடித்ததும் இருப்பவர்கள் தங்கள் ஹவாலைச் சொல்ல வேண்டும். அதில் பொய் சொல்பவன் இல்லை. சொன்னது மறுநாள் அடுத்த ஊருக்கு அதே வார்த்தைகளில் போய்ச் சேரும்.

தில்முராத் கேட்டார். பீர்தாத் எல்லாம் நலம் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் சொன்னான். யார் இறந்தார்கள், யாருக்கு வேலை போயிற்று, எவன் மகன் இரண்டாம் கல்யாணம் செய்து முதல் மனைவியிடம் அடி வாங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் தோட்டத்தைப் பற்றிச் சொன்னான். ஓர் ஆளுக்குத்தான் வேலை, கஷ்டத்தில் இருக்கிற நம் ஆள் யாருக்காவது கிடைத்தால் நல்லது என்றான். அதைச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி நீங்க சொல்லணும், நாகுதா."

தில்முராத் தொண்டையைச் செருமினார். எதிரில் பீர்தாத் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படகில் உட்கார்ந்த மாதிரியே. உத்தரவுக்குக் காத்திருக்கும் முகம். அவனுக்குப் பக்கத்தில் அந்தப் புயலில் கூட வந்த இன்னும் இருவர். திரை லேசாக அசைந்தது.

"எல்லாம் நலம்" என்றார். மழை இல்லை என்றார். கிழக்குப் பக்கம் கொஞ்சம் மத்தி விழுகிறது என்றார். மகளுக்கு நான்காவது பையன், ஹாஜியின் ஆடு இரட்டைக்குட்டி போட்டது, பள்ளிவாசலுக்குப் புது ஒலிபெருக்கி வந்தது. சொல்லிக்கொண்டே போனார். சொல்ல வேண்டியதற்கு முன்னால் வைப்பதற்கு ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் தீர்ந்தது.

"அவ்வளவுதான் ஹவால்."

குறுக்கே பேசாத வழக்கத்தை மீறி மலங்க் வாயைத் திறந்தான்.

"மண்ணைப் பத்திச் சொல்லலியேண்ணே."

"மண்ணா? அது இருக்கறதுதான். நாம அள்றோம், அது வருது. அதுக்கும் வேற போக்கிடம் இல்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஜன்பீபி இருமினாள். இருமல் நிற்க நேரமாயிற்று.

மலங்க் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். "அப்ப என் ஹவாலையும் கேட்டுக்கங்க" என்றான். எல்லாம் நலம் என்றான். பின்பக்க அறை போய்விட்டது, கூரை உத்தரம் விரிசல் விட்டுவிட்டது, நேற்று மனைவி ரொட்டி தட்டும்போது மாவில் மண், இன்று சோற்றில் மண். அடுத்த காற்றுக்காலத்தை அந்த வீடு தாங்காது, எனக்குப் போக இடம் இல்லை என்றான். ஒரு நாளும் இவ்வளவு சுருக்கமாக அவன் பேசியதில்லை.

பீர்தாத் மலங்கின் பக்கம் திரும்பவில்லை. தில்முராத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். தில்முராத் பேரீச்சம்பழத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடு."

பீர்தாத் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டான். மலங்க் பக்கம் திரும்பி, "அந்த வேலை உங்களுக்குத்தான் மலங்கண்ணே" என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தான்.

காலையில் பிக்கப் கிளம்பும்போது ஜன்பீபி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தில்முராத் வாசற்படியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் காதில் விழும்படிதான் பேசினாள்.

"உனக்குத் தெரியாதா தம்பி? நான் சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீங்க. அவர் சொல்லலியே."

"அவர் வாயில வராதுடா."

"அத்தன பேர் முன்னாடி நலம்னு சொன்னவரை, இல்ல, நீங்க கஷ்டப்படறீங்கன்னு நான் சொல்றதா? மலங்குக்கு வாக்குக் குடுத்துட்டேன்கா. அடுத்த வருஷம் வேற ஏதாவது பாக்கறேன்."

"வா. இந்த வாசல் எங்கன்னு தோண்டிப் பாத்துட்டு வா."

அதன் பிறகு ஜன்பீபி கணவரிடம் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. கோழிகளைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. பெட்டியில் துணிகளை மறுபடி அடுக்கி மூடினாள்.

மலங்கின் காகிதங்கள் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் இருவரும் வழக்கம்போல் மணல் அள்ளினார்கள். மலங்க் பேச்சைக் குறைத்திருந்தான். போவதற்கு முதல் நாள் தன் வீட்டுக் கதவைக் கழற்றி, தூக்கிக்கொண்டு வந்து தில்முராத்தின் சுவரில் சாய்த்தான்.

"வச்சுக்கங்க. மண்ணுக்குக் குறுக்க போட ஆகும்."

தில்முராத் கதவைத் தட்டிப் பார்த்தார். நல்ல மரம்.

"உங்களுக்காகத்தான்ணே காத்திருந்தேன்" என்றான் மலங்க். "மண்ணைப் பத்தி எடுத்தும் குடுத்தேன்."

"தெரியும்."

"எனக்கும் பொண்டாட்டி இருக்கா."

"போய் நல்லா இரு."

கதவில்லாத வீட்டுக்குள் மணல் நேராக நுழைந்தது. மூன்றாம் நாள் காற்றில் மலங்கின் முற்றம் நிறைந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர்மேல் வழிந்தது. தில்முராத் கித்தானை விரித்துக் குவித்தார். இரண்டு மூலையைப் பிடித்து இழுத்தார். பின்பக்கமாக எல்லாம் கொட்டியது. நான்கு மூலையையும் சேர்த்து முடிந்து இழுத்தார். பத்தடி வந்து முடிச்சு விட்டுப்போயிற்று. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஜன்பீபி வெளியே வந்தாள். முக்காட்டை மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். குனிந்து மறுமுனையைப் பிடித்தாள். அவரைப் பார்க்கவில்லை. இருவரும் தூக்கினார்கள். கடலோரம் போய்ச் சேர ஐந்து இடத்தில் இறக்கி வைத்தார்கள். அவள் இருமி முடிக்கும்வரை அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே வந்தால் சக்கரம் புதையும் என்றான் டிரைவர் கங்கோசர். அவன் அறுபது மைல் தள்ளியிருந்த ஊர்க்காரன். தில்முராத் இரண்டு டின்களோடு போனார். குழாயை டின்னில் வைத்துவிட்டு, பழக்கத்தில் கேட்டான்.

"ஹவால் சொல்லுங்க, நாகுதா."

"எல்லாம் நலம்" என்றார் தில்முராத். பிறகு சொன்னார். மண் சுவரைத் தாண்டிவிட்டதைச் சொன்னார். வடக்கு அறையை விட்டுவிட்டதை, ஜன்பீபி நேற்று துப்பியதில் ரத்தம் இருந்ததை, பீர்தாத் வந்ததை, அன்று தான் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் வரிசையாகச் சொன்னார். டின் நிறைந்து வழிந்தது. டிரைவர் கையை நீட்டிக் குழாயை மூடினான். ஹவால் நடுவில் கிளம்புவது மரியாதை இல்லை என்பதால் கடைசிவரை நின்று கேட்டான்.

முடிந்ததும் செருப்பிலிருந்த மணலை உதறினான். இனி அவன் முறை.

"எல்லாம் நலம்" என்று ஆரம்பித்தான்.