நாங்கள் கேட்காமல் விட்டது

ஓரத்தில் கறுப்பு மை தடவிய கார்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் முத்திரை. தங்கம் சிஸ்டர் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஐந்து நாள் கழித்துத்தான் அந்தக் கார்டு மதுரையில் என் கைக்கு வந்தது. எழுதியவர் பக்கத்து வீட்டில் இருக்கும் ரிடையர்டு டீச்சர். கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தார்: "ஒரு வருஷமாகவே யாரோடும் பேச்சில்லை, சர்ச்சுக்கும் வருவதில்லை. நீங்கள் மனநல டாக்டராயிற்றே, உங்களிடமாவது ஏதாவது சொன்னார்களா?" அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று கார்டைக் கிழித்துப் போட்டாயிற்று. அதனால் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

எண்பத்தேழில் ராஜபாளையத்தில், பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த அறையில், புதன்கிழமை தோறும் மனநல கிளினிக் நடத்தினோமே, நினைவிருக்கும். நான் தஞ்சாவூர்க்காரன், சென்னையில் படித்தவன், அந்தத் திமிர் முழுசாக இருந்த வயது. தங்கம் சிஸ்டர் தளவாய்புரத்து நர்ஸ், என்னைவிட மூன்று வயது இளையவர். எட்டு நிமிஷத்தில் ஒரு நோயாளியை விசாரித்து மருந்துச் சீட்டு எழுதிவிடுவேன். வாசல்வரை கொண்டுபோய் விடுகிற சாக்கில் சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்பார்: "நாங்க கேக்காம விட்டது ஏதும் இருக்கா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை கேள்வி கேட்டதில் எதை விட்டேனாம்? நேரத்தைக் கெடுக்காதீர்கள் என்று இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த ஆளிடம் மறுபடியும் அதையே கேட்பார்.

தேவதானத்திலிருந்து ஒரு விவசாயி கையில் மந்திரித்த கயிறோடு வந்தார். அதை அவிழ்த்தால்தான் மருந்து என்று கறாராகச் சொன்னேன். அவிழ்த்தார், மருந்தையும் வாங்கிக்கொண்டார், அப்புறம் ஆளையே காணோம். சிஸ்டர் தன் லீவு நாளில் பஸ் பிடித்துப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். "அவிய அம்மா வெயில்ல நடந்தே போயி வாங்கியாந்து கட்டுன கயிறு சார். அவுக்கச் சொல்ல நம்ம யாரு?" என்றார். அடுத்த புதன்கிழமை மனுஷர் கையில் இரண்டு கயிறு. ஒன்று நோய்க்கு, இன்னொன்று டாக்டருக்கு என்று சிஸ்டர் சிரித்தார். இந்த முறை அவிழ்க்கச் சொல்லாமல் மருந்தைக் கொடுத்தேன். ஆனால் அதில் நான் ஒன்றும் கற்றுக்கொண்டுவிடவில்லை.

கற்றுக்கொண்டது ரங்கம்மாவிடம். மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடைத்தெருவுக்குப் போதுமான தமிழ் அவருக்கு உண்டு, எனக்கோ ஒரு வார்த்தை தெலுங்கு கிடையாது. காதில் குரல் ஏதாவது கேட்கிறதா என்றேன். கேட்கிறது என்றார். காலையில் மில் சங்கு ஊதும்போது கணவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். எனக்கு ஒரே சந்தோஷம். கேள்விக்கு ஏற்ற பதில் கிடைத்துவிட்டதல்லவா? கனமான மாத்திரையாகவே எழுதினேன். நாலாவது வாரம் குரல் நின்றுவிட்டது என்று சொன்னார். "பார்த்தீர்களா சிஸ்டர்?" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

வாசலில் சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்த முறை அக்கம்பக்கத்தில் பொறுக்கிக்கொண்ட அரைகுறைத் தெலுங்கில் கேட்டார். ரங்கம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார். என்ன சொன்னார் என்று சிஸ்டர் உள்ளே வந்து என்னிடம் சொன்னார். "தூக்கம் வரலைன்னுதான் இங்க வந்தாங்களாம் சார். அவரு வந்து கூப்பிடுறது அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். அவரை ஏன் போகச் சொன்னீங்கன்னு கேக்காங்க."

பிறகு விசாரித்ததில் எல்லாம் தெரிந்தது. அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் வருவது தெரியும். மாமியார் காலையில் மகனுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் காபி எடுத்து வைப்பாராம். வருஷத் திதிவரை வருவார், அன்றைக்குச் சொல்லிக்கொண்டு போய்விடுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. நான் மருந்தை நிறுத்தினேன். தூக்கத்துக்கு மட்டும் கொடுத்தேன். தூக்கம் வந்தது. அவர் வரவில்லை. திதி நாளன்றும் வரவில்லை.

என்னைத் தேற்றுவார் என்று சிஸ்டரைப் பார்த்தேன். தேற்றவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன சார்? அவங்ககிட்ட போயி சொல்லுங்க" என்றார். அதுவரை எந்த நோயாளியிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டேன். தெரிந்தா செய்தீர்கள், போகட்டும் என்றார் ரங்கம்மா. அந்தப் போகட்டும் இன்னும் எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நானும் கேட்க ஆரம்பித்தேன். பதில் வருகிறவரை பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்.

கிளினிக் மூடியபின் ஆளுக்கொரு பக்கம் போனோம். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன் அவர் வீட்டுக்கும் போனேன். தனியாகத்தான் இருந்தார். எனக்கு உட்கார இடம் பண்ண, நாற்காலியில் அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர் கட்டை எடுத்துக் கீழே வைத்தார். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. பார்த்தேன், பார்க்கத்தான் செய்தேன். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, முட்டிவலி எப்படி, கண் ஆபரேஷன் எப்போது என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். எட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. செத்த நேரம் இருந்துட்டுப் போங்க என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

வேண்டாம் என்றாலும் கேட்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தார். பால்கோவாப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்புட்டுதானா சார்?" என்று கேட்டார். "அவ்வளவுதான் சிஸ்டர், பிரஷர் மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். பஸ் கிளம்பிவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். இன்று காலைகூட முன்பின் தெரியாத நாலு பேரிடம் கேட்டேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு, டீச்சருக்கு நாலாவது கார்டை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். இரண்டு வரிதான்: "என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. நான் கேட்கவில்லை."