அலை அடிக்காத இடம்

மூன்று வருஷத்துக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். தீபாவளி முடிந்த கையோடு நானும் என் கணவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரைக்கு சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போனோம். 'இந்த வயசிலா?' என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் பி.டி. டீச்சர். நாற்பதைத் தாண்டி ரொம்ப நாளாகியும் என் பிளஸ் டூ பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடி, அவர்களில் பாதிப் பேருக்கு நாக்குத் தள்ள வைப்பேன். கேட்பவர்கள் முதலில் எங்கள் வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிக் காட்டட்டும்.

பிறந்து வளர்ந்தது எல்லாம் காவிரிக் கரையில், அம்மா மண்டபம் பக்கம்தான். நடக்கப் பழகியதும் நீந்தப் பழகியதும் ஏறக்குறைய ஒரே சமயம் என்று வீட்டில் சொல்வார்கள். ஐப்பசி என்றால் எங்களுக்குத் துலா ஸ்நானம். விடிந்ததும் விடியாததுமாகக் காவிரியில் இறங்கிவிடுவோம். மற்றவர்கள் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரப் புடவையோடு கோயிலுக்குப் போக, நான் ஒரு சுற்று நீந்திவிட்டுத்தான் கரையேறுவேன். தண்ணீர் விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் நேர் எதிர். பச்சைமலைக்காரர். மலை மேல் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவருக்குத் தண்ணீர் என்றால் குடத்தில் வருவது, அவ்வளவுதான். இப்போது அரியமங்கலத்தில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். புது மெஷின் வந்தால் அதோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காமல் ஸ்விட்சில் கை வைக்க மாட்டார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவரை விளையாட்டாகக் கையைப் பிடித்து ஆற்றுக்குள் இழுத்தேன். முழங்கால் நனைவதற்குள் அவர் முகம் வெளுத்து, என் கையை அவர் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நான் தண்ணீரில், அவர் படிக்கட்டின் உச்சியில் துண்டும் செல்போனும் வண்டிச் சாவியுமாக. எனக்கு உள்ளூர வருத்தம்தான். எனக்கு இவ்வளவு பிடித்த ஒன்றில் அவர் கூட இல்லையே என்று.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் சாயங்காலம் செல்போனில் ஒரு சர்ஃபிங் வீடியோவைக் காட்டி, "இதுல பலகை இருக்குல்ல, அதைக் கால்ல கட்டி வேற விட்டுர்றாங்க. இதுன்னா நானும் வரலாம்னு பாக்குறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் வந்தது. அவரை எனக்குத் தெரியும். முதல் தடவையே மிரண்டுவிட்டால், அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் தண்ணீர்ப் பக்கம் வர மாட்டார். கிடைத்திருப்பது இந்த ஒரு வாய்ப்புதான். அதனால் எந்த கேம்ப், எந்த மாதம் என்பதையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவருக்குத் தீபாவளியை ஒட்டி லீவு. எனக்கும் லீவு. அதுவும் ஐப்பசி. குளிப்பதற்கென்றே வந்த மாதம்! இணையத்தில் தேடி இரண்டு கேம்ப்களுக்குப் போன் போட்டேன். முதல் இடத்தில், "எப்ப வேணா வாங்க மேடம், எல்லாருக்கும் கிளாஸ் இருக்கு" என்றார்கள். எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாவது கேம்ப்பில் எடுத்தது ஒரு பெண். அங்கே சொல்லிக்கொடுப்பவளே அவள்தானாம். கேள்வி மேல் கேள்வி. யார் யார் வருகிறீர்கள், நீச்சல் தெரியுமா, தெரியும் என்றால் எங்கே நீந்தினீர்கள், கடலில் இறங்கியதுண்டா? பிறகு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, இப்ப வேணாம். மழை சீசன்ல கடல் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. ஜூன், ஜூலைல தெக்கேருந்து பெரிய அலை வரும், அது நின்னு பழகினவங்களுக்கு. நீங்க மார்ச்ல வாங்க. சின்ன அலையா, ஒண்ணு மாதிரி ஒண்ணு வரும். சார் பயப்படவே மாட்டார்" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நீங்களும் சாரோட பிகினர் பேட்ச்லதான் இருக்கணும்" என்று சேர்த்துச் சொன்னாள்.

எனக்குச் சுர்ரென்றது. வெள்ளம் வரும் காவிரியைப் பார்த்தவளிடம் இந்தப் பெண் அலையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளா? "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு, முதல் கேம்ப்பில் இடம் போட்டேன். அவள் சொன்னதைக் கணவரிடமும் சொன்னேன், கொஞ்சம் கிண்டலாகத்தான். அவர் சிரிக்கவில்லை. "மார்ச்சுன்னா பங்குனிதானே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

செங்கல்பட்டில் ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பளிச்சென்று வெயில். முந்தின இரண்டு நாள் மழையாம், அன்று வானத்தில் ஒரு பஞ்சு மேகம் கூட இல்லை. பார்த்தாயா, பயமுறுத்தினாளே அந்தப் பெண் என்று எனக்குள் ஒரே பெருமை.

அங்கிருந்த பயிற்சியாளர் முதலில் மணலிலேயே ஒரு வகுப்பு எடுத்தார். போர்டில் எப்படிப் படுப்பது, எப்படிக் கையால் துடுப்புப் போடுவது, எப்படி எழுவது. கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றார். கடல் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, போர்டை மட்டும் விடக் கூடாது, அதன் மேல் படுத்து ஒரு கையை உயர்த்தினால் போதும், நாங்கள் வந்துவிடுவோம் என்றார். இதெல்லாம் நீச்சல் தெரியாதவர்களுக்கு என்று நான் ஓரமாகக் கை கால்களை உதறி வார்ம் அப் செய்துகொண்டிருந்தேன். என் கணவரோ கையைத் தூக்கித் தூக்கிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தக் கைய உயர்த்தணும்?" என்றுகூடக் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

தண்ணீரில் இறங்கினோம். இடுப்பளவுதான். ஆனால் அலைகள் ஒழுங்கில்லாமல் வந்தன. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று, நேராக ஒன்று, குறுக்கே ஒன்று. முதல் அலையிலேயே என் கணவர் போர்டோடு குப்புற விழுந்தார். எழுந்தார். இரண்டாவது அலை முகத்திலேயே அறைந்தது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறி இருமியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த அதே வெளுத்த முகம்.

"நீ பண்ணும்மா. நான் வேணா கரையில உக்காந்து பாக்குறேன்" என்றார்.

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். இப்போது கரையேறினால் இனி எப்போதும் இறங்க மாட்டார். பயிற்சியாளர் வேறு சிலருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தார். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கொடிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டை போல, கொஞ்ச அகலத்துக்குக் கடல் அமைதியாக இருந்தது. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, அங்கே மட்டும் அலையே இல்லை. காவிரியில் வளர்ந்தவர்களுக்கு இது கண்ணை மூடினாலும் தெரிகிற விஷயம். சலசலவென்று நுரைத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் பாறை இருக்கும், இழுப்பு இருக்கும். சத்தமில்லாமல் கிடக்கிற இடத்தில்தான் குழந்தைகளை இறக்குவார்கள்.

"வாங்க, அங்க போலாம். அங்க அலையே இல்ல."

"கொடியத் தாண்டக் கூடாதுன்னாரே?"

"நான் இருக்கேன்ல!"

என் கால் கயிற்றைக் கழற்றி, போர்டைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அவரை அவருடைய போர்டில் படுக்க வைத்து, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். உண்மையிலேயே அருமையாக இருந்தது. தண்ணீர் தாலாட்டுவது போல அசைந்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பி, ஒரு சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தில் கால் எப்போது தரையை விட்டது என்றே கவனிக்கவில்லை.

கவனித்தபோது கொடிகள் வெகு தூரத்தில் இருந்தன. தண்ணீர் தூக்கிய ஒரு தூக்கில் போர்டு என் கையிலிருந்து நழுவி, அவரோடு சேர்ந்து உள்பக்கமாகப் போனது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீரெல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே, அந்த வழிதான் அது. அதனால்தான் அங்கே அலை உடையவில்லை. இது எனக்குப் பயிற்சியாளர் அப்புறம் சொல்லித்தான் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: கரைக்கு நீந்திப் போய் ஆளைக் கூட்டி வர வேண்டும்.

நீந்தினேன். கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதைக் குறியாக வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வேகத்தையெல்லாம் காட்டி நீந்தினேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் கொட்டகை அதே அளவில் இருந்தது. இன்னும் வேகமாக நீந்தினேன். இப்போது அது சின்னதாகியிருந்தது. தோள் இரண்டும் இறுகி, மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது போல் ஆயிற்று. என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீரில் எனக்குப் பயம் வந்தது. அவர் போய்விடுவாரே என்ற பயம் ஒரு பக்கம், நானே போய்விடுவேன் போலிருக்கிறதே என்ற பயம் இன்னொரு பக்கம்.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. கத்தலில்லை. மெஷின் ஷாப்பில் சத்தத்துக்கு நடுவே பேசுகிற அதே உரத்த, நிதானமான குரல்.

"கரைக்குப் போகாத! திரும்பு! நேரா என்கிட்ட வா!"

திரும்பிப் பார்த்தேன். போர்டின் மேல் குப்புறப் படுத்து, ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்து, இன்னொரு கையை நேராக உயர்த்தி வைத்திருந்தார். சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி. அவரை நோக்கி நான் இரண்டு வீச்சுத்தான் போட்டிருப்பேன், மீதி தூரத்துக்குத் தண்ணீரே என்னைக் கொண்டுபோய் விட்டது. போர்டைப் பிடித்தேன். அவர் உயர்த்திய கையை இறக்காமலே, "பேசாத. மூச்சை விடு. பாத்துட்டாங்க, வர்றாங்க" என்றார்.

பயிற்சியாளரும் இன்னொருவரும் போர்டில் வந்து சேர்ந்தார்கள். நேராகக் கரைக்குப் போகாமல் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் கூட்டிப் போய், அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் கரைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே வந்ததும் அலையே எங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டது. பயிற்சியாளர் என்னைக் கண்டபடி திட்டினார். பள்ளியில் நான் பிள்ளைகளைத் திட்டுவதைவிடப் பிரமாதமாகத் திட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இருந்த ஒரே வாய்ப்பையும் நானே கெடுத்துவிட்டேன். "இனிமே உங்கள தண்ணிப் பக்கம் கூப்பிடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் காதில் புகுந்த தண்ணீரைத் தலையைச் சாய்த்து வடித்துக்கொண்டே, "அந்த இன்னொரு கேம்ப்பு பொண்ணு பங்குனின்னுச்சே, அது நம்பர் வெச்சிருக்கியா?" என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பங்குனியில் போனோம். பரீட்சை நேரத்தில் பாடம் நடத்த பி.டி. பீரியடைத்தான் எல்லா டீச்சர்களும் தேடுவார்கள், பி.டி. டீச்சரை யாரும் தேட மாட்டார்கள் என்பதால் எனக்கு லீவு சுலபமாகக் கிடைத்தது. அவர் தன் முதலாளியிடம் என்ன சொல்லி லீவு வாங்கினார் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சித்திரை வீதியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயிலில் கிளம்பி, அந்தக் கடலைப் போய்ப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். அதே கடல்தானா இது? முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன அலைகள், ஒன்றுக்குப் பின் ஒன்று, வரிசையில் நிற்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வந்துகொண்டிருந்தன.

போனில் பேசிய பெண் என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க எந்த பேட்ச்?" என்றாள். கண்ணில் குறும்பு.

"சார் எந்த பேட்ச்சோ அதே பேட்ச்" என்றேன்.

மணலில் அவள் எடுத்த வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இந்த முறை நானும் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டேன். மூன்று நாள் பயிற்சியில் என் கணவர் இரண்டாம் நாளே போர்டில் எழுந்து நின்றுவிட்டார். குனிந்து, கையை விரித்து, மிரண்ட நாரை மாதிரி ஒரு நிலை. ஆனால் நின்றார். கரைவரைக்கும் நின்றபடியே வந்தார். நான் மூன்று நாளும் விழுந்து விழுந்து எழுந்தேன். கடைசி நாள் சாயங்காலம்தான் எனக்கும் ஒரு அலை வாய்த்தது. நீந்தத் தெரிந்தவர்கள் அலைக்கு முன்னால் அவசரப்படுகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு மட்டும் சொன்னதாகத்தான் பட்டது. எப்படியும் நானும் நின்றேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

யாராவது சர்ஃபிங் போக வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டால், இப்போதெல்லாம் உற்சாகமாக நாலு விஷயம் சொல்வேன். லீவு எப்போது கிடைக்கிறது என்று பார்த்து மாதம் குறிக்காதீர்கள், கடலுக்கு எது நல்ல மாதம் என்று பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் வாங்க என்கிற இடத்தைவிட, இப்போது வராதீர்கள் என்று சொல்கிற இடத்தில் சேருங்கள். ஆற்று நீச்சலைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டு, பிகினர் பேட்ச்சில் வெட்கப்படாமல் உட்காருங்கள். வயதைப் பற்றிக் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

இவ்வளவு காலமும் அவருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது உண்மைதான். அந்தப் பயத்தோடுதான் அவர் அன்றைக்கு ஒரு கையை உயர்த்திக்கொண்டு, என்னைப் பெயர் சொல்லிக்கூட அலறாமல், என் உயிரைக் காப்பாற்றினார். இந்த ஐப்பசியிலும் காவிரிக்குப் போனோம். அவரும் படியிறங்கி வருகிறார், நெஞ்சளவுவரை. நான் முன்பு போல ஓடிப்போய்க் குதிப்பதில்லை, கடைசிப் படியில் நின்று, "இறங்கலாமாங்க?" என்று கேட்கிறேன், அவர் தண்ணீரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்து "ம்" என்ற பிறகுதான் என் கால் நனைகிறது.